மலாக்காவில் சமரசம்

சமயங்கள் யாவும் ஒரே பரம்பொருளை நாடிச் செல்கின்றன என்று நம் நாட்டில் சொல்லாத மேடை இல்லை. கேட்கும்போது அது செவிக்கு இனிமையாகவும் இருக்கிறது. ஆயினும், அந்தக் கொள்கை எவ்வளவு பாரத்தைத் தாங்கும் என்று சோதித்துப் பார்க்க வேண்டுமானால், வெவ்வேறு தெய்வங்களை ஆராதிப்போர் பல தலைமுறைகளாக ஒரே வீதியில் அண்டை வீட்டாராக வாழ்ந்துவரும் ஓர் ஊருக்குப் போக வேண்டும். மலாய் தீபகற்பத்தின் மேற்குக் கரையில், ஆறு கடலோடு கலக்குமிடத்தில் அமைந்த மலாக்கா அத்தகைய ஊர். நானும் என் மனைவியும் அங்கே சென்றிருந்தபோது எங்களுக்குள் எழுந்த விவாதம் இன்றும் ஓய்ந்தபாடில்லை.

பூமத்திய ரேகைக்குச் சமீபமான ஊராதலால், காலையிலேயே வெயில் உடலை வருத்தத் தொடங்கிவிடுகிறது. பழைய வீடுகளின் முகப்பை ஒட்டித் தொடர்ந்து செல்லும் ‘அஞ்சடி’ என்னும் நடைபாதையின் நிழலிலேயே நாங்கள் நடந்தோம். பொய்யாத விநாயகர் ஆலயம், அதற்குச் சற்றுத் தள்ளி கம்போங் கிளிங் பள்ளிவாசல், அதே வீதி பெயர் மாறித் தொடருமிடத்தில் செங் ஹூன் தெங் என்னும் சீனர் ஆலயம் என மூன்றும் சில நிமிஷ நடைக்குள் அடங்கிவிடுகின்றன. விநாயகர் ஆலயம் 1781-இல் தெய்வநாயகம் செட்டி என்பவரால், அப்போது ஊரை ஆண்ட டச்சுக்காரர் அளித்த நிலத்தில் கட்டப்பெற்றது. பள்ளிவாசல் 1748-இல் இந்திய முஸ்லிம் வணிகர்களால் மரத்தில் எழுப்பப்பெற்றுப் பின்னர் 1872-இல் செங்கல்லால் புதுப்பிக்கப்பெற்றது. சீனர் ஆலயமோ பதினேழாம் நூற்றாண்டில் தோன்றியது.

விநாயகரைத் தரிசித்தபின் சீனர் ஆலயத்துக்குள் நுழைந்தோம். புகை சூழ்ந்த சந்நிதியில், கருணையின் வடிவமாகச் சீனர் போற்றும் குவான் யின் முன்னால், ஒரு மூதாட்டி ஊதுவத்திகளைக் கையிலேந்திக் கண்மூடி நின்றிருந்தாள். என் மனைவியும் தயக்கமின்றிக் கைகூப்பி வணங்கினாள். அதைக் கண்டு மூதாட்டி சற்றே ஒதுங்கி அவளுக்கு இடம் விட்டாள். வெளியே வந்ததும், “நம் அம்பிகைதான்; பெயரும் உடையும் மட்டுமே வேறு” என்றாள் என் மனைவி.

அந்தச் சொல் எனக்கு முதலில் மகிழ்ச்சியே தந்தது. யோசிக்க யோசிக்கத்தான் சஞ்சலம் உண்டாயிற்று. குவான் யின் உலகை ஈன்ற தாயல்லள். இந்தியாவிலிருந்து சென்ற அவலோகிதேசுவரர் என்னும் போதிசத்துவரே சீன மண்ணில் காலப்போக்கில் பெண்ணுருக் கொண்டார். துன்புறும் உயிர்களின் குரலுக்குச் செவிசாய்ப்பதே அவர் ஏற்றுக்கொண்ட விரதம். அவரை அம்பிகை என்று நாம் அழைக்கும் அக்கணத்தில், அந்த மூதாட்டி எதைப் பெரிதாக நினைத்து வணங்கினாளோ அதைக் கழித்துவிட்டு, நமக்குப் பழக்கமான முகத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறோம் அல்லவா? எந்தத் தெய்வத்தை ஒருவன் வழிபட்டாலும் அத்தெய்வமாக நின்று அருள்பவன் சிவனே என்று கொள்ளும் நம் சைவ சித்தாந்தத்தின் பெருந்தன்மையை நான் அறியாதவன் அல்லேன். ஆனால் அப்பெருந்தன்மையில் உரிமை கொண்டாடும் சாயலும் ஒன்று ஒளிந்திருக்கிறது. உன் தெய்வம் உண்மையில் என் தெய்வமே என்று பிறர் நம்மிடம் வந்து சொன்னால் நமக்கு எப்படியிருக்கும்?

திரும்பும் வழியில் பள்ளிவாசலில் இந்தச் சஞ்சலம் இன்னும் தெளிவான உருப்பெற்றது. சீனப் பகோடாவை ஒத்த மினாரா, அடுக்கடுக்காய்க் குவிந்த கூரை, உள்ளே ஐரோப்பியப் பாணித் தூண்கள் என்று கண்ணுக்குத் தெரிந்தவரையில் எல்லா நாடுகளும் அங்கே கைகோத்து நின்றன. ஆனால் தொழுகைக் கூடத்தில் உருவம் என்று ஒன்றும் இல்லை. இறைவனுக்கு உருவம் கற்பிப்பதை முற்றாக மறுப்பதே அச்சமயத்தின் உயிர்நாடி. தலையை முந்தானையால் மூடிக்கொண்டு, தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யும் குளத்தின் ஓரமாக நின்ற என் மனைவி வெகுநேரம் பேசவில்லை. ஒப்புமையைத் தேடி நெகிழ்ந்த மனத்துக்கு அங்கே பற்றுக்கோடு கிடைக்கவில்லை. நம்மைப் போன்றிருப்பதால் ஒன்றைப் போற்றுவது சுலபம். நம் வழிபாட்டையே ஏற்காத ஒன்றை எதன்பொருட்டுப் போற்றுவது? சமரசம் என்ற சொல்லுக்கு ஏதேனும் கனம் உண்டென்றால் அது இக்கேள்விக்கு அளிக்கும் பதிலில்தான் இருக்கிறது.

ஒப்புமை மட்டும் போதாது என்பதற்கு இவ்வூரின் சரித்திரமே சாட்சி சொல்கிறது. துறைமுகத்தில் எண்பத்து நான்கு மொழிகள் வழங்கின என்று போர்த்துக்கேசியரான தொமே பிரெஸ் எழுதிவைத்தார். அவருடைய நாட்டினரோ 1511-இல் ஊரைக் கைப்பற்றியதும் பள்ளிவாசல்களையும் அரச குலத்தாரின் கல்லறைகளையும் பெயர்த்த கற்களைக் கொண்டு கோட்டை எழுப்பினார்கள். 1641-இல் வந்த டச்சுக்காரர், தாமும் கிறிஸ்துவையே தொழுபவராயிருந்தும், கத்தோலிக்கர் வெளிப்படையாக வழிபடுவதை நெடுங்காலம் தடுத்தனர். புனித பேதுரு ஆலயம் எழ 1710 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மிக நெருங்கிய ஒப்புமைகூட அங்கே கருணையை விளைவிக்கவில்லை. ஆனால் வேற்றுத் தெய்வத்தை வணங்கிய தெய்வநாயகம் செட்டிக்கு நிலம் கொடுத்தவரும் அதே டச்சுக்காரர்தாம். வாணிப லாபத்தைக் கருதியே கொடுத்திருக்கலாம். அதனால் அக்கொடை பயனற்றதென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இவ்வூரின் காஜா பேராங் பகுதியில் வாழும் மலாக்காச் செட்டிகளைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். தமிழ் வணிகருக்கும் உள்ளூர்ப் பெண்களுக்கும் பிறந்த இச்சமூகத்தார் வீட்டில் பேசுவது மலாய். பெண்கள் உடுப்பது சாரோங்கும் கெபாயாவும். போகியன்று முன்னோர்க்கு வாழையிலையில் படைக்கும் உணவிலும் மலாய்ச் சமையலின் மணம் கமழ்கிறது. இத்தனையும் மாறிய பின்னரும் மாரியம்மனையும் விநாயகரையும் அவர்கள் விட்டுவிடவில்லை. அயலாருடைய உடையையும் உணவையும் மொழியையும் அன்போடு ஏற்றுக்கொண்டு, தெய்வத்தை மட்டும் தமக்கென வைத்துக்கொள்வது சாத்தியம் என்பதை எந்தச் சாஸ்திரமும் கற்பிக்காமலே அவர்கள் வாழ்ந்து காட்டியிருக்கிறார்கள்.

என் வாதத்தையெல்லாம் பொறுமையோடு கேட்ட என் மனைவி, “அந்தப் பாட்டி எனக்கு இடம் விட்டாளே, நான் எந்தப் பெயரைச் சொல்லி வணங்குகிறேன் என்று அவள் கேட்டாளா?” என்றாள். இதற்கு நான் தகுந்த மறுமொழி சொன்னதாக நினைக்கவில்லை. கேளாமல் விடப்பட்ட அந்த இடமே மலாக்காவின் பெருஞ்செல்வம் என்பதில் எங்களுக்குள் பேதமில்லை. எல்லாவற்றுக்கும் அடியில் ஒருமை உண்டா என்பதில்தான் பேதம்: உண்டு, அது அம்பிகையே என்கிறாள் அவள்; உண்டென்றால், பள்ளிவாசலில் தொழுபவரும் தம் சொந்தச் சொற்களால் ஒப்புக்கொள்ளக்கூடியதாக அது இருக்க வேண்டும் என்கிறேன் நான்.