விலக்குவதும் விலகுவதும்



ஒரு நிழல்தாங்கலில் ஞாயிற்றுக்கிழமை உச்சிப்படிப்பு முடிந்து அன்னதர்மத்துக்கு வரிசை அமர்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். வரிசையில் ஒருவர் விடாமல் இருமுகிறார். மூன்று வாரமாகவே அவருக்கு இருமல். பக்கத்தில் இருந்த இளைஞர் இலையை இழுத்துக்கொண்டு தள்ளி உட்காருகிறார். எதிர் வரிசையில் இருந்த வயதான தாயார் அதைக் கண்டு, "மக்களே, அய்யா எல்லாரையும் ஒண்ணா இருத்தினாரு. நீ தள்ளி இருக்கியே, பழைய காலம் திரும்பி வருதா?" என்று கேட்கிறார். இளைஞரிடம் பதில் இல்லை. இருமியவர் பாதிச் சோற்றில் எழுந்து போகிறார். அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை.

அந்தத் தாயாரின் கேள்வி லேசானதல்ல. திருவிதாங்கூர் மண்ணில் சாதிக்கு இத்தனை அடி என்று தூரம் அளந்து எட்ட நிறுத்தப்பட்டவர்களின் வழிவந்தவர் கேட்கும் கேள்வி அது. கிணற்றில், சந்தையில், வழிநடையில், எங்கும் அந்த அளவுகோல் நின்றது. அக்காலத்தில்தான் அய்யா வைகுண்டர் எல்லாச் சாதியாரையும் முத்திரிக்கிணற்றில் ஒன்றாக நீராடச் செய்து, சமபந்தியில் இருத்தினார். 'எட்ட நில்' என்ற சொல் காதில் விழுந்தாலே அன்புக்கொடி மக்களுக்கு உடல் கூசுவது அதனால்தான். 2020-ல் கொரோனா வந்து நாடெங்கும் 'சமூக இடைவெளி' என்று ஒலித்தபோது அந்தச் சொல் பலருக்கு உறுத்தியதும் அதனால்தான்.

ஆனால் அதே அய்யாதான் எழுநூறு குடும்பத்தாரை வாகைப்பதிக்குத் துவையல் தவசுக்கு அனுப்பினார். அவர்கள் கடலில் நாள்தோறும் மூன்று வேளை நீராடினார்கள்; உடுத்த துணியைத் துவைத்து உடுத்தார்கள்; ஒரு வேளை மட்டும் உண்டார்கள். அங்கே ஒருவர் இன்னொருவரைப் பார்த்து 'நீ அழுக்கு' என்று சொன்னதில்லை. அவரவர் துணியை அவரவர் துவைத்தார்கள். அதனால்தான் அது தவசு. தன் உடலின் மேல் தானே ஏற்றுக்கொள்வதுதானே தவசு.

தமிழில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். விலக்குவது வேறு, விலகுவது வேறு. விலக்குகிறவன் இன்னொருவனைத் தள்ளுகிறான். விலகுகிறவன் இன்னொருவனுக்காகத் தான் ஒதுங்குகிறான். சாதி விலக்கியது. அதற்குப் பிறப்பு ஒன்றே காரணமாக இருந்தது, முடிவுநாளும் இல்லை, விலக்கப்பட்டவனுக்குச் சோறு அனுப்பும் வழக்கமும் இல்லை. நோய்க்கு விலகுவது அப்படியல்ல. அது இன்று கூலிக்காரருக்கு, நாளை பண்ணையாருக்கு. அதற்கு நாள் கணக்கு உண்டு.

அந்தக் கணக்கைச் சரியாக அறிவதும் தர்மத்தில் சேர்ந்ததுதான். அம்மைக் கொப்புளம் எல்லாம் காய்ந்து பக்கு கட்டும்வரை பிறரோடு கலவாமல் இருக்க வேண்டும். வேப்பிலை கட்டிய வாசலுக்கு அந்நியர் போகாத பழைய வழக்கத்திலும் இந்த அறிவு இருந்தது. மணல்வாரி கண்டவர் எழுந்துபோன அறையின் காற்றில் இரண்டு மணி நேரம்வரை அந்தக் கிருமி தங்கும். ஆகவே அக்குழந்தையைப் படிப்புக்குத் தூக்கி வராமல் இருப்பது மற்றக் குழந்தைகளுக்குச் செய்யும் பணிவிடை. வயிற்றோட்டம் கண்டவர் அன்னதர்மச் சோற்றுப்பானையை விட்டு ஒதுங்குவதும் அப்படியே. காலரா தண்ணீரிலும் கையிலும் சோற்றிலும் பரவுகிறது. எல்லாரும் ஒரே கிணற்றில் இறைக்கிற ஊரில் அந்தக் கிணற்றைக் காக்கிற கடமையும் எல்லாருக்கும் வந்துவிடுகிறது.

பயமோ கணக்குப் பார்ப்பதில்லை. காசநோய் என்று தெரிந்ததும் பல வீடுகளில் முதலில் தனியாகப் போவது தட்டும் தம்ளரும்தான். காசநோய் தட்டில் பரவுவதில்லை. இருமும்போது காற்றில் பரவுகிறது. வாயை மூடி இருமுவது, சன்னலைத் திறந்து வைப்பது, மருந்தைத் தவறாமல் உண்பது, இவைதான் வேண்டியவை. சரியான மருந்து தொடங்கிச் சில வாரங்களிலேயே பெரும்பாலோரிடம் தொற்றும் தன்மை அடங்கிவிடுகிறது. தட்டு மட்டும் ஆண்டுக்கணக்கில் தனியாகவே கிடக்கிறது.

இதற்குச் சென்னையிலேயே ஒரு சான்று உண்டு. 1956-ல் அங்கே காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கியது. அக்காலத்தில் காசநோயாளியை வீட்டைவிட்டுப் பிரித்து ஆரோக்கிய நிலையத்தில் சேர்ப்பதே முறை. இத்தனை லட்சம் பேருக்குப் படுக்கை எங்கே என்பது அன்றைய கவலை. நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியார் ஆரோக்கிய நிலையத்தில் நல்ல சாப்பாட்டோடும் ஓய்வோடும் இருந்தார்கள். மற்றவர்கள் தங்கள் நெருக்கடியான வீட்டிலேயே, குறைந்த சாப்பாட்டோடு, அதே மருந்தை உண்டார்கள். ஓராண்டு முடிவில் வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமானார்கள். இன்னும் பெரிய செய்தி அடுத்தது. நோயாளியோடு அதே குடிசையில் இருந்த பெண்டு பிள்ளைகளுக்கு, நோயாளி ஆரோக்கிய நிலையத்துக்குப் போன வீட்டாரைவிட அதிகமாக நோய் தொற்றவில்லை. இந்த ஆய்வின் முடிவுகள் 1959 முதல் வெளிவந்தன. உலகமெங்கும் காசநோயாளி குடும்பத்தோடிருந்து சிகிச்சை பெறும் முறைக்கு இது வழி திறந்தது. அதுவரை குடும்பத்தைப் பிரிந்து கிடந்த எத்தனையோ பேருக்கு அந்தப் பிரிவு தேவையே இல்லாதிருந்தது என்பதை எண்ணினால் மனம் கனக்கிறது.

தொழுநோயின் கதை இதைவிடக் கொடிது. பிரிட்டிஷ் இந்தியாவில் 1898-ல் தொழுநோயாளரை அடைத்து வைக்க ஒரு சட்டம் வந்தது. பிடித்து அடைப்பதற்கு அது குறிவைத்தது ஏழைத் தொழுநோயாளரை. காசுள்ளவர் வீட்டில் இருந்துகொள்ளலாம். நோய் ஒன்றுதான், தூரம் மட்டும் மடியைப் பார்த்து அளந்தார்கள். 2016-ல்தான் அச்சட்டம் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காட்டி மணவிலக்குக் கேட்கலாம் என்ற விதி 2019 வரை இருந்தது. மருந்து உண்ணத் தொடங்கியதும் விரைவிலேயே தொற்றாது போகும் நோய் அது.

கலியின் மாயை புதுநோய் வரும்போதெல்லாம் பழைய வேடத்தில் வருகிறது. 2020 ஏப்ரலில் கொரோனாவால் இறந்த ஒரு மருத்துவரின் உடலைச் சென்னையில் அடக்கம் செய்யவிடாமல் கூட்டம் கூடிக் கல்லெறிந்தது. அது விலகல் அல்ல.

மறுபக்கத்தில் இன்னொரு பேச்சும் கேட்கிறது. "அய்யாவின் பதமும் நாமமும் இருக்க, ஊசி எதற்கு, ஒதுங்குவது எதற்கு? எனக்குப் பயமில்லை." அய்யாவை நம்பிப் பயமற்றிருப்பது நல்லதே. ஆனால் நெருங்கி அமர்ந்த பணிவிடைக் கூடத்தில் ஒருவர் விடும் மூச்சு அவருடையது மட்டுமல்ல. அங்கே மடியில் கைக்குழந்தை இருக்கிறது, சர்க்கரை நோயால் தளர்ந்த பெரியவர் இருக்கிறார். அவர்கள் உடலைப் பணயம் வைத்து ஒருவர் காட்டும் துணிவை நம்பிக்கை என்று சொல்வது கடினம். அய்யாவிடம் தன்னை ஒப்படைக்கலாம். அடுத்தவர் பிள்ளையை ஒப்படைக்க யாருக்கும் உரிமை இல்லை.

விலகச் சொல்வது எளிது. பனையேறியும், மீன்கூடை சுமப்பவரும், பீடி சுற்றும் பெண்ணும் பத்து நாள் வீட்டிலிருந்தால் பதினோராம் நாள் அடுப்பு எரிவது எப்படி? அந்த அரிசிக்கு வழி சொல்லாமல் 'வராதே' என்பது விலக்குவதேயாகும். தாங்கலின் அன்னதர்மம் வரிசையில் அமர முடிந்தவருக்கு மட்டும் உரியதல்ல. தூக்குச்சட்டியில் சோறு நோயாளியின் வாசலுக்குப் போனால் பந்தி அதுவரை நீள்கிறது என்றே பொருள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, இருமியவர் பாதியில் எழுந்தபோது, தாயாரோ இளைஞரோ பின்னால் போய்த் தோளைத் தொட்டுப் பேசியிருக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளியைக் காசில்லாமல் சோதிப்பார்கள், மருந்தும் இலவசம் என்று சொல்லியிருக்கலாம். திங்கட்கிழமை காலை கூடவே பஸ் ஏறியிருக்கலாம். ஆறு மாத மருந்தில் முதல் சில வாரம் அவருக்குத் தாங்கல் சோறு வீட்டுக்குப் போயிருக்கும். டாக்டர் சரி என்ற பிறகு வரும் ஞாயிறு, உச்சிப்படிப்பு முடிந்ததும், அந்தத் தாயாருக்கும் அந்த இளைஞருக்கும் நடுவில் அவருக்கு இலை விழுந்திருக்கும்.