அமானிதமாக வந்த சொல்

இந்தியாவில் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, 16 வயது நிரம்பிய சிறுவன்மீது கொடுங்குற்றம் சாட்டப்பட்டால், செயலின் விளைவை உணரும் திறன் அவனுக்கு இருந்ததா என்பதை இளைஞர் நீதிக் குழுமம் மதிப்பிட வேண்டும். அதற்கு மனநல வல்லுநரின் உதவியை நாடலாம்.

வல்லுநர் பரிவோடு பேசுகிறார். பயந்திருந்த சிறுவன், வீட்டில் நடந்ததையெல்லாம் கொட்டிவிடுகிறான். அது அறிக்கையாகிக் குழுமத்துக்குப் போகும் என்று முன்னரே அவனிடம் சொன்னாரா? சொன்னால் வாய் திறக்கமாட்டானே என்பர் சிலர். திறக்காமலே இருக்கட்டும்! பரிவைத் தூண்டிலாக்குவது மோசடியன்றோ?

அதே வல்லுநர் பின்னர் அதிகாரிகளுக்குப் பயிற்சி அளிக்கிறார். வகுப்பு தூங்கி வழிகிறது. அவன் கதையை எடுத்துவிடுகிறார். "பெயரைச் சொல்லவில்லையே!" என்கிறார். ஊரும் பள்ளியும் தகப்பனார் தொழிலும் போதாவா?

சிறுவனின் பெயர், முகவரி, பள்ளி முதலிய அடையாளங்களைப் பத்திரிகையிலோ பிற ஊடகத்திலோ வெளியிட்டால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 இலட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது 74-ஆம் பிரிவு. மூடிய வகுப்பறைக்கு அது எட்டுமா என்பதை வழக்கறிஞர்கள் வாதிடட்டும். அமானிதமாக வந்த பணத்தைப் பூட்டி வைக்கிறோம்; கூலி பெற்றுக் கேட்ட சொல்லை?

பாடத்துக்குக் கதை வேண்டுமாயின், பலருடைய நிலைமைகளைக் கலந்து புதிதாய் ஒன்று கட்டிக்கொள்ளலாம். கற்பனை என்று சொல்லியும் விடலாம்.