மெயில் திரும்பலாம், நீ திரும்பாதே!

சென்னீர்குப்பத்துத் தம்பியே, தங்கையே! அம்பத்தூருக்கும் திருமழிசைக்கும் இருங்காட்டுக்கோட்டைக்கும் ரெஸ்யூம் அனுப்பினாய். பதில் இல்லை. உடனே, ‘நமக்கெல்லாம் யார் வேலை தருவார்கள்’ என்று முடங்கிவிட்டாயே! உன் மெயில் அந்த அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்றே உனக்கு இன்னும் தெரியாது. அதற்குள் ஏன் தலைகுனிகிறாய்?

எடு போனை! சென்ட் பெட்டியில் உன் மெயில் இருக்கிறதா பார். இல்லையென்றால் அவுட்பாக்ஸிலோ டிராஃப்ட்ஸிலோ கிடக்கும். அதை இப்போதே அனுப்பு.

மெயிலர் டீமன் என்ற பெயரில் ஆங்கிலக் கடிதம் ஒன்று வந்திருக்கிறதா? பயந்துபோய் அழித்துவிடாதே! உனக்கு இதுவரை கிடைத்த பதில்களிலேயே நேர்மையானது அதுதான். நீ மெயில் அனுப்பும்போது, அந்த நிறுவனத்தின் சர்வர் மூன்று இலக்க எண்ணில் பதில் சொல்கிறது. 1982-ல் கணினி அறிஞர் ஜான் போஸ்டல் எழுதிய மின்னஞ்சல் விதிமுறையிலேயே இது இருக்கிறது. 2-ல் தொடங்கினால், ஏற்றுக்கொண்டது. 4-ல் தொடங்கினால், ‘இப்போது முடியாது, பிறகு வா’ என்கிறது. அப்போது உன் பக்கத்துச் சர்வர் ஓய்வதில்லை. நாள்கணக்கில் மறுபடி மறுபடி முயல்கிறது. ஓர் இயந்திரத்துக்குள்ள விடாப்பிடி உனக்கு இருக்கக் கூடாதா?

5-ல் தொடங்கினால் மறுத்துவிட்டது. சரி, எதற்காக? அதையும் அந்தக் கடிதத்திலேயே, புள்ளி வைத்த எண்ணில் படி. 5.1.1 என்றால் அந்த முகவரியில் ஆளில்லை. ஏதோ ஓர் எழுத்தை மாற்றி அடித்திருப்பாய். 5.2.2 என்றால் அவர்கள் பெட்டி நிரம்பிவிட்டது. 5.3.4 என்றால் அனுப்பியது அளவுக்கு மீறிப் பெரியது. ஜிமெயில் 25 எம்பி வரை இணைக்க விட்டாலும், எதிர்ப்பக்கம் அதைவிடக் குறைவாக வரம்பு வைத்திருக்கலாம். சான்றிதழ்களை எல்லாம் ஒரே பிடிஎஃப் ஆக்கிச் சுருக்கி அனுப்பு. இந்த எண்களில் எதுவாவது உன் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசுகிறதா? உன் ஊரைப் பற்றி? உன் ஆங்கிலத்தைப் பற்றி? திருத்து. மறுபடி அனுப்பு!

உன் பக்கத்து வாசலும் திறந்திருக்க வேண்டும். ஜிமெயில் இலவசமாகத் தரும் 15 ஜிபி இடம் மெயிலுக்கும் டிரைவுக்கும் போட்டோஸுக்கும் சேர்த்துத்தான். ஆடித் திருவிழா வீடியோக்களே அதை நிரப்பிவிட்டால், இன்டர்வியூ அழைப்பு வந்த வழியே திரும்பிப் போகும். அனுப்பியவருக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. இதை நினைத்தால்தான் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. தகுதி இருந்தும் இடம் இல்லாமல் ஒரு பிள்ளை வாய்ப்பை இழப்பதா? இன்றே தேவையில்லாத வீடியோக்களை அழி!

ஸ்பேம் பெட்டியைத் தினமும் பார். அங்கே விழுந்தது 30 நாளில் தானாக அழிந்துவிடும். உனக்கான அழைப்பு அதில் கிடந்தால் ‘நாட் ஸ்பேம்’ என்பதை அழுத்து. வேலைக்கு முன்பணம் கேட்கும் மெயில் மட்டும் அங்கேயே மடியட்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் பதில் இல்லையா? அவர்களுடைய ஸ்பேமில் விழுந்திருக்கலாம். அதை எந்தச் சர்வரும் உனக்குத் தெரிவிக்காது. அந்த நிறுவனத்தின் எண்ணைத் தேடு. காலை பத்தரைக்குக் கூப்பிடு. குரல் நடுங்கினாலும் பேசு: “வணக்கம் சார், சென்னீர்குப்பத்திலிருந்து பேசுகிறேன். திங்கட்கிழமை என் ரெஸ்யூமை மெயிலில் அனுப்பினேன். வந்து சேர்ந்ததா என்று பார்த்துச் சொல்ல முடியுமா? நான் லைனிலேயே இருக்கிறேன்.”