கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில்

எங்கள் வீட்டில் அவர்களுக்குக் கொடுக்க எதுவுமே இல்லை என்பதுதான் முதல் சிக்கல். காபி வேண்டாம் என்றார்கள். சரி, டீ? அதுவும் ஆகாதாம். ஜப்பானில் யாரும் மறுக்காத பச்சைத் தேநீரை என் மனைவி எடுத்து வந்தாள். அதையும் பார்த்துச் சிரித்துத் தலையை ஆட்டினார்கள். கடைசியில் மோர் கரைத்து, பெருங்காயம் போட்டுக் கொடுத்தோம். ஒருவன் ஒரே மூச்சில் குடித்தான். மற்றவன், ஊரிலிருந்து வந்த காய்ந்த கறிவேப்பிலையை என்ன செய்வதென்று தெரியாமல் மென்று விழுங்கினான்.

2017 கோடைக்காலம். நகோயாவின் ஓரத்தில், லிஃப்ட் இல்லாத ஒரு குடியிருப்பின் மூன்றாம் மாடியில் இருந்தோம். கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றுக்கு மென்பொருள் எழுதப் போயிருந்தேன். வெள்ளைச் சட்டை, டை, மார்பில் கறுப்புப் பெயர் அட்டை, தலையில் சைக்கிள் ஹெல்மெட் என்று இரண்டு பையன்கள் வாசலில் நின்றார்கள். ஒருவன் அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்தில் உருளைக்கிழங்கு விளையும் ஊர்க்காரன். இன்னொருவன் டோங்கா தீவுக்காரன். நிலையை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது அவர்கள் சபையின் முழுப்பெயர். ஊர் உலகம் மார்மன் என்கிறது. மதம் மாறுகிற உத்தேசம் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். பரவாயில்லை என்று உட்கார்ந்தார்கள். அந்த ஊரில் உட்காரக் கிடைத்ததே பெரிது என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

அவர்களை ஜப்பானில் ‘சோரோ’ என்கிறார்கள், ஆங்கிலத்தில் எல்டர். நம்மூர்ச் சபைகளில் மூப்பர் என்கிறோமே, அதுதான். நான் பார்த்த மூப்பர்கள் நரைத்த மீசையும் காணிக்கைப் பையுமாக இருந்தவர்கள். இந்த மூப்பர்களில் ஒருவனுக்கு வயது 19, மற்றவனுக்கு 20. முகப்பரு இன்னும் ஆறவில்லை.

ஆண்பிள்ளைகள் 18 வயதானால் ஊழியத்துக்குப் போகலாம், இரண்டு வருஷம். பெண்கள் போனால் 18 மாதம். எந்த நாடு என்று கேட்டு வாங்க முடியாது. சால்ட் லேக் சிட்டியிலிருந்து வரும் கடிதத்தில் என்ன ஊர் போட்டிருக்கிறதோ அதுதான் ஊர். சம்பளம் கிடையாது. ஐடஹோப் பையன் தன் பங்குக்கு மாதம் 400 டாலர் கட்டிக்கொண்டிருந்தான். அதைச் சேர்ப்பதற்காகப் பள்ளி விடுமுறைகளில் விடிகாலையில் எழுந்து, பாசனக் குழாய்களை வயலில் வரிசை வரிசையாக நகர்த்திப் போடுகிற வேலை பார்த்திருக்கிறான். அந்த வருஷம் உலகம் முழுக்க இப்படிச் சுமார் 67,000 பேர் இருந்தார்கள்.

அதில் ஜப்பான் வாய்த்தவன் கொடுத்துவைத்தவன் என்று சொல்வதற்கில்லை. 1901இல் ஹீபர் கிராண்ட் என்பவர் மூன்று பேரோடு யோகோஹாமாவில் வந்து இறங்கினார். 1924இல் கடையைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். 23 வருஷத்தில் சேர்ந்தவர்கள் இருநூறு பேர்கூட இல்லை. போருக்குப் பிறகு 1948இல் மறுபடி வந்தார்கள். கிறிஸ்தவர்களே நூற்றுக்கு இரண்டு பேர் தேறாத நாடு. அங்கே யாரும் கதவைத் தட்டுவதில்லை. வாசலில் உள்ள பொத்தானை அழுத்தினால் உள்ளேயிருந்து குரல் மட்டும் வரும்: “கெக்கோ தெஸ்.” அதற்கு ‘நல்லது’ என்றும் அர்த்தம், ‘வேண்டாம்’ என்றும் அர்த்தம். டோங்காக்காரன் வந்த புதிதில் அதை ‘நல்லது’ என்று எடுத்துக்கொண்டு, கதவு திறக்கும் திறக்கும் என்று ஒரு வாசலில் ஐந்து நிமிஷம் நின்றானாம்.

இதுதான் அவர்களுடைய கஷ்டம் என்று நானும் நினைத்தேன். இவர்கள் கேட்பது காசு இல்லை, பத்து நிமிஷம்தான்; ஆனாலும் கேட்டு நிற்பது கேட்டு நிற்பதுதானே. நானாக இருந்தால் மூன்றாவது வாசலிலேயே சைக்கிளைத் திருப்பியிருப்பேன். ஒருநாள் இதை ஐடஹோப் பையனிடமே சொன்னேன். டோங்காக்காரன் அப்போது கழிவறைக்குப் போயிருந்தான். பையன் கதவை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். வாசலில் வேண்டாம் என்கிறவர்களைப் பத்து நிமிஷத்தில் மறந்துவிடலாம், பக்கத்தில் நிற்கிறவனை அப்படி மறக்க முடியாது என்றான். உள்ளே தண்ணீர் இழுத்துவிடும் சத்தம் கேட்டதும் வானிலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தான்.

அந்த மூன்று நிமிஷத்தில் எனக்கு விஷயம் புரிந்தது. இவர்கள் எப்போதும் இரண்டிரண்டு பேர். கூட்டாளியை அவர்கள் தேர்ந்தெடுப்பதில்லை, மிஷன் தலைவர் போடுவார். ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்றல் உத்தரவு வரும். வராவிட்டால் அதே ஆளோடு இன்னொரு ஆறு வாரம். ஒருவர் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில் மற்றவர் இருக்க வேண்டும் என்பது விதி. ஆறரைக்கு எழுவது, படிப்பது, சைக்கிள் மிதிப்பது, சாப்பிடுவது, பத்தரைக்கு ஒரே அறையில் படுப்பது எல்லாமே சேர்ந்துதான். தனியாக இருக்கக் கிடைக்கிற ஒரே இடம் குளியலறை. இத்தனைக்கும் முதற்பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்ளவும் மாட்டார்கள், எல்டர் என்று போட்டு வீட்டுப் பெயர்தான். நம்மூரில் பெண் பார்க்கிற கல்யாணத்தில்கூட அரைமணி நேரம் எதிரே உட்காரவைத்துக் காட்டுகிறார்கள்.

வாரத்தில் திங்கட்கிழமை மட்டும் கொஞ்சம் மூச்சு விடலாம். துணி துவைப்பது, முடி வெட்டிக்கொள்வது, காய்கறி வாங்குவது, வீட்டுக்கு மின்னஞ்சல் எழுதுவது எல்லாம் அன்றைக்குத்தான். சாயங்காலம் ஆறு மணிக்கு மறுபடி டை கட்டிவிட வேண்டும். வீட்டாரோடு பேசுவதென்றால் அப்போதெல்லாம் வருஷத்துக்கு இரண்டே தடவை, கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும். (2019 பிப்ரவரியில் விதியை மாற்றி, வாராவாரம் பேசலாம் என்று விட்டுவிட்டார்கள். முன்னால் போனவர்களின் அம்மாக்களுக்கு யார் பதில் சொல்வது?) செவ்வாய் தொடங்கிப் பொத்தான் அழுத்துகிற வேலை. புதன்கிழமை இரவு சபைக் கட்டடத்தில் இலவச ஆங்கில வகுப்பு. அதற்கு மட்டும் பாட்டிகள் தவறாமல் வந்தார்கள்.

வெள்ளிக்கிழமை வாரத் திட்டம் போட உட்காருவார்கள். அதன் முடிவில் ஒரு சடங்கு உண்டு. அவர்களுடைய கையேட்டிலேயே இருக்கிறது. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, நம் உறவு இந்த வாரம் எப்படி இருந்தது, நான் செய்ததில் உனக்கு உறுத்தியது என்ன என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சரக்கு இருப்புப் பார்ப்பது போல ஒரு கணக்கு. சொல்ல எதுவுமில்லையென்றாலும் உட்கார்ந்தே ஆக வேண்டும்.

சபையின் கொள்கைகளோடு எனக்கு ஒட்டாதவை நிறைய. 1978 வரை கறுப்பினத்தவருக்குக் குருத்துவம் தர மறுத்த சபை அது. அதைக் கேட்டபோது ஐடஹோப் பையன் காது சிவந்துபோய், தன்னிடம் நல்ல பதில் இல்லை என்றான். 19 வயதில் ஒரு பையன் தன் பொழுதையெல்லாம் இன்னொருவர் போட்ட அட்டவணையிடம் கொடுத்துவிடுவது சரிதானா என்ற சந்தேகமும் எனக்கு உண்டு. ஆனால் அந்த வெள்ளிக்கிழமைக் கணக்கு என்னை விடவில்லை.

வேலை தேடிச் சென்னைக்கு வந்த காலத்தில் திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் பதினொரு மாதம் இருந்தேன். அறையில் இன்னொருவர். அவரையும் நான் தேர்ந்தெடுக்கவில்லை, மேனேஜர் போட்ட ஆள். அவருடைய வாளியை நான் ஒருநாள் எடுத்துக் குளித்தேன் என்பதில் தொடங்கி நான்கு மாதம் பேசாமல் இருந்தோம். ஆறடிக்குப் பத்தடி அறையில் பேசாமல் இருப்பது லேசான வேலை இல்லை. விளக்கை யார் அணைப்பது என்பதற்குக்கூட இருமல் பாஷை ஒன்று உருவாகியிருந்தது. காலி செய்துகொண்டு போகிற அன்று அந்த வாளியை என் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார். கோபமா, கொடையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. யாராவது ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் இரண்டு பேரையும் எதிரெதிரே உட்காரவைத்திருக்கலாம்.

பிடித்தவர்களோடுதான் பழகுவது என்று எனக்கு நாற்பது வயதுவரை ஒரு கொள்கை இருந்தது. எண்ணிப் பார்த்தால் என் வாழ்க்கையில் நான் பார்த்துப் பொறுக்கியவர்கள் இரண்டு மூன்று பேர்தான். அண்ணன், பக்கத்து மேஜைக்காரர், மேல்வீட்டுக்காரர், மைத்துனர் எல்லாரும் மேன்ஷன் மேனேஜர் போட்ட மாதிரி வந்து சேர்ந்தவர்கள். இவர்களோடு எப்படி இருப்பது என்பதற்கு எனக்குப் பயிற்சியே கிடைத்ததில்லை. பிடிக்கவில்லையென்றால் ஒதுங்கிவிடுவேன், ஒதுங்குவதற்கு எப்போதும் ஒரு மொட்டைமாடி இருந்தது. அந்தப் பையன்களுக்கு அது இல்லை.

நானும் மனைவியும் அந்த வெள்ளிக்கிழமைக் கணக்கை முயன்று பார்த்தோம். முதல் வாரம் ஒருவரையொருவர் பாராட்டித் தள்ளினோம். இரண்டாவது வாரம் அவள் ஒரு சின்னக் காகிதத்தோடு வந்தாள். மூன்றாவது வாரம் எனக்கு ஆபீசில் வேலை இருந்தது. உண்மையில் வேலை இல்லை. கன்வீனியன்ஸ் ஸ்டோர் வாசலில் பத்து மணிவரை நின்றுகொண்டிருந்தேன்.

அக்டோபரில் நாங்கள் வீடு மாற்றினோம். கேள்விப்பட்டதும், நாங்கள் தூக்குகிறோம் என்றார்கள். அப்படி உதவி செய்வதும் அவர்கள் ஊழியத்தில் சேர்த்திதான். சனிக்கிழமை காலை ஜீன்ஸ் பேன்டில் வந்தார்கள்; டை இல்லாமல் அன்றைக்குத்தான் பார்த்தேன். படியேறி வரும்போதே இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை என்று தெரிந்துவிட்டது. முந்தின நாள் கணக்கு நேராகவில்லை போல. என் மனைவி வைத்த இட்லியை ஒருவன் ஜன்னலைப் பார்த்தபடியும் மற்றவன் சுவரைப் பார்த்தபடியும் சாப்பிட்டார்கள்.

முதலில் ஃபிரிட்ஜ். குறுகலான மாடிப்படி, நடுநடுவே திருப்பம். டோங்காக்காரன் பாரமான கீழ்ப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி இறங்கினான். அவனுக்கு எதிரே ஃபிரிட்ஜ் மறைத்தது, முதுகுக்குப் பின்னால் படி தெரியவில்லை. மேலே இருந்தவன்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். முதல் இரண்டு படி சத்தமில்லாமல் போனது. மூன்றாவதில் டோங்காக்காரனின் குதிகால் காற்றில் தடவியது. அதற்கப்புறம் மேலேயிருந்து குரல் வர ஆரம்பித்தது: “படி... படி... நில்... திருப்பம்... சுவர் இடது பக்கம்... படி.” கீழே போய்ச் சேரும்வரை அந்தக் குரல் நிற்கவில்லை. நான் மெத்தையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே இறங்கினேன்.

ஃபிரிட்ஜை வண்டியில் ஏற்றியதும் டோங்காக்காரன் சட்டை முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். இன்னும் வாஷிங் மெஷின் இருக்கிறது என்று நான் நினைவுபடுத்தினேன். அவன் தன் கூட்டாளியை ஏற இறங்கப் பார்த்தான்.

“இந்தத் தடவை நீ கீழே” என்றான்.