மருந்துப்போலியும் வாய்மையும்

மருந்தின் வடிவும் நிறமும் உடையதாய், அதன் ஆற்றல் சிறிதும் இல்லதாய உருண்டை மருந்துப்போலி எனப்படும். புதுமருந்தின் மெய்யாற்றலை அளந்தறிதற்பொருட்டு, ஆராய்ச்சியாளர் நோயாளருள் ஒருசாரார்க்கு மருந்தும் மற்றொருசாரார்க்கு இப்போலியும் வழங்குவர். போலியுண்டாருள்ளும் சிலர்க்கு நோவு தணிதல் காணப்படுகின்றது. இதுகொண்டு, பொய்யே நோவு தீர்த்தலின் மருத்துவன் நன்மை கருதிப் பொய்யுரைத்தலும் அறமேயாமென்பார் உளர். அது பொருந்துமாவென ஈண்டு ஆராய்வாம்.

இல்லது தோன்றாதென்பது சற்காரியவாதங் கொண்ட நம் சித்தாந்தத்தின் துணிபு. ஆகலின் வெற்றுருண்டையினின்று தணிவு பிறந்ததென்றல் கூடாது. உடலகத்து முன்னரே அமைந்துகிடந்த ஆற்றலொன்று வெளிப்பட்டதென்றே கொள்ளல் வேண்டும். லெவின், கார்டன், ஃபீல்ட்ஸ் என்போர் 1978-ல் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்கு அரண்செய்கின்றது. பல் பிடுங்கப்பெற்றோருள் போலியால் நோவு தணிந்தார்க்கு, அபினியின் செயலைத் தடுக்கும் நலோக்சோன் என்னும் மருந்தைக் கொடுத்தபொழுது நோவு மிகுந்தது. உடல் தானே சுரக்கும் அபினியொத்த பொருளே அத்தணிவுக்குக் காரணமென அவர் கருதினர்.

அற்றேல், அவ்வாற்றலை எழுப்புதற்கேனும் பொய் வேண்டுமன்றோவெனின், அன்று. கப்ட்சக் முதலியோர் 2010-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், குடல்நோயுடையார் 80 பேரை இருபிரிவாக்கி, ஒருபிரிவினர்க்கு இதில் மருந்தில்லையென்னும் உண்மையைக் கூறியே போலியை வழங்கினர். மூன்று வாரத்தின்பின் அவருள் நூற்றுக்கு 59 பேரும், போலியும் உண்ணாதாருள் நூற்றுக்கு 35 பேரும் போதிய தணிவு பெற்றதாகக் கூறினர். இது நோயாளர் தாமே உணர்ந்துரைத்த தணிவேயன்றி, நோயின் மூலத்தை அறுத்ததன்று. புற்றுநோயையும் தொற்றுநோயையும் இவ்வாற்றாற் போக்கலாமென்பார் பெரிதும் பிழைபடுவர்.

குற்றமற்ற நன்மை பயக்கும் பொய்க்குத் திருவள்ளுவனார் இடந்தந்தாராலோவெனின், தந்தார். ஆயின் மருத்துவன் பொய் குற்றமற்றதன்று. அது வெளிப்படின், நாளை மெய்ம்மருந்து தருவானையும் நோயாளன் ஐயுறுவன்; உண்ணவேண்டிய மருந்தை உண்ணாதொழிவன். ஒருவன் நோவைத் தணித்த பொய் மற்றொருகால் அவன் உயிர்க்கே இறுதியாதல் கூடும். ஆராய்ச்சியினும், போலி பெறுதல் கூடுமென முன்னரே அறிவித்து நோயாளர் உடன்பாடு பெறுதலே முறை.

சார்ந்ததன் வண்ணமாம் இயல்பிற்று உயிர். நோயுற்றான் சார்வது உருண்டையையன்று, தன்னைப் பேணுவான் அன்பையும் சொல்லையுமே. அச்சொல் மெய்யாதல் வேண்டுமென்பதே எம் துணிபு.

சிவம்.