மதில் இல்லாத காலனி

மும்பை கிங்ஸ் சர்க்கிள் தோட்டத்துக்கு மகேஷ்வரி உத்யான் என்று பெயர் மாற்றிப் பல காலம் ஆகிறது. டாக்சிக்காரர்கூட அப்படிச் சொல்வதில்லை. சற்றுத் தெற்கே இருக்கிற ஃபைவ் கார்டன்ஸுக்கும் ஒரு முழுப்பெயர் உண்டு: மன்சேர்ஜி ஜோஷி ஃபைவ் கார்டன்ஸ். முன்பாதியை நாமெல்லாம் விழுங்கிவிட்டோம். மாதுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கிற தமிழ் வீடுகளில் கேட்டால், ஜோஷியா, யாராவது மராத்திப் பிராமணராக இருக்கும் என்பார்கள்.

அவர் பார்சி. மன்சேர்ஜி எதுல்ஜி ஜோஷி, சிவில் இன்ஜினியர்.

*

1896-இல் மாண்ட்வியில் பிளேக் வந்தது. நெரிசல்தான் நோயை வளர்க்கிறது என்று முடிவு கட்டிய அரசு, 1898-இல் பம்பாய் இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்டை அமைத்தது. வடக்கே கிடந்த தாதர், மாதுங்கா, வடாலா, சயான் நிலங்களை எடுத்து ரோடு போட்டு மனை பிரிக்கும் திட்டம் அதற்கு அடுத்த இரண்டு வருஷத்துக்குள் உருவானது. ஊருக்குள் டிரஸ்ட் இடித்த சால் குடியிருப்புகளில் இருந்த ஏழைகளில் எத்தனை பேர் இந்தப் புது மனைகளுக்கு வந்திருப்பார்கள்? வாடகை கொடுக்க முடிந்தவர்கள் வந்தார்கள். திட்டங்களின் வழக்கமான கணக்கு இது.

மன்சேர்ஜி டிரஸ்டிடம் போய், நடுத்தர, கீழ்நடுத்தரப் பார்சிகளுக்கென்று 103 மனைகளை ஒதுக்கித் தரச் சம்மதிக்க வைத்தார். அதுதான் தாதர் பார்சி காலனி.

இன்ஜினியர் என்பதால் அவருக்கு ஒன்று தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். திட்டப் படம் படமாகவே இருக்கும்போது கேட்டால் ஒரு கோட்டைத் தள்ளிப் போடலாம். சுவர் எழும்பிய பிறகு மனு கொடுத்துக்கொண்டேயிருக்க வேண்டியதுதான்.

*

மரங்களைப் பற்றி. எந்தத் தெருவுக்கு எந்த மரம் என்பது வரை அவர் திட்டம் போட்டதாகச் சொல்வார்கள். ஃபிர்தௌசி ரோடுக்கு மஹாகனி, ஜாமே ஜம்ஷெத் ரோடுக்கு அசோகம். மே மாத மதியத்தில் ஃபிர்தௌசி ரோடில் நடந்தால் மேலே கிளையோடு கிளை கோத்திருக்கும். வெயில் தரையில் சில்லறை சில்லறையாகத்தான் விழும். மஹாகனிக் காய் மரக்கட்டை மாதிரி கெட்டியாக இருக்கும். வெடித்ததும் உள்ளேயிருந்து இறக்கை வைத்த விதைகள் சுழன்று சுழன்று இறங்கும். ஸ்கூட்டர் சீட்டில், பால்கனிக் கொடியில், பெஞ்சில் தூங்குகிற கொரியர் பையனின் மார்பில்.

மஹாகனி இப்படிக் குடை பிடிக்கப் பல வருஷங்கள் ஆகும். நட்டவர்கள் இந்த நிழலுக்குக் காத்திருக்கத்தான் வேண்டியிருந்திருக்கும். பொதுவேலையில் எனக்குப் பிடித்தது இந்தப் பகுதிதான். சிலையைவிட. (காலனி முகப்பில் அவருக்குச் சிலையும் இருக்கிறது.)

*

கொலாபாவில் குஸ்ரோ பாக் இருக்கிறது. அதுவும் பார்சிக் குடியிருப்பு. சுற்றிலும் மதில், வாசலில் கேட். தாதர் பார்சி காலனியில் அது கிடையாது. உலகத்திலேயே பார்சிகள் மிக அதிகமாகச் சேர்ந்து வாழ்கிற குடியிருப்பு என்று இதைச் சொல்வார்கள். அதன் தெருக்களில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம். நான் நடக்கிறேன். கிங்ஸ் சர்க்கிள் மாமிகள் நடக்கிறார்கள். வி.ஜே.டி.ஐ. கல்லூரிப் பையன்கள் தோட்டத்துப் பெஞ்சில் பரீட்சைக்குப் படிக்கிறார்கள்.

ஆனால் அங்கே வீடு கேட்டால் கதை வேறு. மனை பார்சிகளுக்கு மட்டும் என்பது நிபந்தனை. ஆமதாபாத்தில் ஒரு பார்சி வீட்டுவசதிச் சங்கத்தின் இதே மாதிரி விதியை 2005-இல் உச்ச நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. எனக்கு இது உறுத்துகிறது. உறுத்தும்போதே நம் தெருவும் நினைவுக்கு வருகிறது. எத்தனை மாதுங்கா கட்டடங்களில் நம்மவர்களே, வாடகைக்கு வந்தவரிடம் ஜாதியைக் கேட்காமல் கேட்க, சைவமா என்று விசாரித்திருக்கிறார்கள்! நிபந்தனையை எழுதி வைத்தவரையாவது கோர்ட்டுக்கு இழுக்கலாம்.

*

தோட்டத்தில் வாக்கிங் வருகிற மாமா ஒருவர், ரயில்வேயில் இருந்து ரிட்டையர் ஆனவர், சொன்னார்: “அவா மனையைக் கேட்டு வாங்கினா. நம்மவா மெஸ்ஸுல ஒரு பெட்டி வைக்க எடம் கேட்டா. அதான்டா வித்தியாசம்.”

“ஆனா சபா கட்டினோமே, மாமா?”

“கட்டினோம், கட்டினோம். கச்சேரி கேக்க எடம் ஆச்சு. குடியிருக்க?”

கொஞ்சம் கடுமைதான். 1932-இல் சௌத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டி வந்தது, 1952-இல் ஷண்முகானந்தா சபா வந்தது. குமாஸ்தாவாகவும் ஸ்டெனோவாகவும் ரயிலேறி வந்த ஜனத்துக்கு அது சின்ன விஷயம் இல்லை. ஆனாலும் பள்ளிக்கூடம், கோயில், சபா என்று நாம் தேடியதெல்லாம் போய்வருகிற இடங்கள் என்று மாமா சொல்வதில் ஏதோ இருக்கிறது.

*

ஜூலை மழையில் கிங்ஸ் சர்க்கிள் காந்தி மார்க்கெட் பக்கம் வழக்கம்போல் முழங்கால் தண்ணீர். கடைக்காரர்கள் துணிக்கட்டுகளை மேல்தட்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பள்ளத்தை நிரப்பி ஊர் செய்தவர்களின் கணக்கில் எங்கோ ஒரு புள்ளி தவறியிருக்கிறது. டிரஸ்டும் 1933-இல் மாநகராட்சியோடு கலந்துவிட்டது. யாரிடம் போய்ச் சொல்ல?

*

தாராவி இங்கிருந்து நடை தூரம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிட வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிற ஒற்றை அறைக் கோலிகளில், மறுகட்டுமானத் திட்டத்துக்காகச் சர்வேக்காரர்கள் கதவுக்குக் கதவு நம்பர் போட்டார்கள். 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பவருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு. மாடியில் இருப்பவருக்கு வேறெங்கோ. அந்தச் சர்வேயின்போது ஒரு கோலியில் அண்ணன் தரைத்தளத்தில் பெல்ட் தைத்துக்கொண்டிருந்தார், தம்பி குடும்பம் மேலே போட்மாலா பரணில். ஏணி வழியாகத் தலையை நீட்டித் தம்பி கேட்டார்: “சார், நாங்க மேலயா, கீழயா? சமையல் கீழதான் பண்றோம்.”

சர்வே பையனுக்கு இருபத்திரண்டு வயசு இருக்கும். டேப்லட்டில் அதற்குக் கட்டம் இல்லை. அண்ணன் தையலை நிறுத்திவிட்டு, படம் எப்போது போடுவார்கள், போடுவதற்கு முன்னால் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்.