கழிவு நீரும் தஹாரத்தும்

சாக்கடை நீரைச் சுத்திகரித்து மீண்டும் குழாயில் விட்டால் அதில் ஒளுச் செய்யலாமா என்று பட்டணத்துச் சகோதரர்கள் கேட்கிறார்கள். இதற்கு விடை உண்டு. அழுக்கைப் படியவிட்டு, காற்றூட்டி, கிருமிகளைக் கொன்று, குளோரின் சேர்த்த பிறகு சுவை, நிறம், வாடை மூன்றிலும் நஜீஸின் தடயம் இல்லையென்றால் அந்த நீர் தாஹிர். ஒளுவும் குளிப்பும் கூடும் என்று 1989இல் மக்காவில் கூடிய ராபிதாவின் ஃபிக்ஹு மன்றம் முடிவு செய்தது. 1978இலேயே சவூதி மூத்த உலமாக்கள் சபையும் இதே கருத்தைச் சொல்லி, குடிப்பதை மட்டும் உடல்நலம் கருதித் தவிர்ப்பது நலம் என்றது.

நம்மிடம் வரும் தண்ணீரைப் பற்றி இத்தனை பேணுதலாக விசாரிக்கிறோம். நம்மிடமிருந்து போகும் தண்ணீரைப் பற்றி எவரேனும் பத்வா கேட்டதுண்டா?

ஆரணிப் பட்டு நெய்யும் தேவிகாபுரம் போன்ற ஊர்களை நினைத்துப் பாருங்கள். பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றுமுன் சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் இட்டுப் பசையை நீக்க வேண்டும். கச்சாப் பட்டின் எடையில் ஏறத்தாழக் கால்பங்கு அந்தப் பசைதான். அதுவும் சாய நீரும் வாய்க்காலில் விடப்பட்டால் ஏரிக்கும் கிணற்றுக்கும்தான் போய்ச் சேரும். இந்தச் சாய நீர் நஜீஸா? இல்லை. ஒளுவுக்கு உதவாதே தவிர, சட்டையில் தெறித்தாலும் தொழுகை கூடும். ‘அப்படியானால் குற்றமில்லையே’ என்று மனம் சொல்லும். மனம் இடறுவது இங்கேதான்.

நீர்த்துறையிலும் பாதையிலும் நிழலிலும் மலஜலம் கழிப்பதை நபி (ஸல்) அவர்கள் சாபத்திற்குரிய செயலென்று எச்சரித்தார்கள். அப்படிச் செய்தவன் முறையாகச் சுத்தம் செய்துகொண்டால் அவனுடைய தஹாரத்துக்கு ஒரு குறையுமில்லை, தொழுகையும் கூடும். ஆனாலும் சாபம் நீங்கவில்லை. தன் சுத்தம் ஒன்று, பிறருக்குச் செய்யும் தீங்கு வேறொன்று. முதலாவது சரியாக இருப்பது இரண்டாவதற்கு ஈடாகாது.

கசப்பானாலும் நம் சமுதாயத்தைப் பற்றியே சொல்கிறேன். வாணியம்பாடி, ஆம்பூர் தோல் தொழிலில் நம்மவர் பலர். பதனிட்ட தோல் தாஹிர் என்பது மார்க்கச் சட்டம். தோல் சுத்தமாயிற்று, பாலாறு கெட்டது. 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம், கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டுமென்று தீர்ப்பளித்தது. 2025 ஜனவரி 30இல் அதே பாலாற்றுக்காக மறுபடியும் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட 28 ஆண்டுகளில் நாம் எத்தனை மினாராக்கள் எழுப்பியிருப்போம்!

இரண்டு தொட்டி வைத்துப் பிழைக்கும் சாயக்காரர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு எங்கே போவார் என்பது நியாயமான கேள்வி. ஊர்க் கழிவோடு கலந்துவிடலாமென்றால், மலத்தையும் சோப்பையும் தின்னும் நுண்ணுயிர்கள் சாயத்தையும் உப்பையும் அப்படித் தின்பதில்லை. சாய நீரைத் தனியே தேக்கிச் சுத்திகரிக்க வேண்டும். அதற்குப் பொது நிலையம் வேண்டும். இலாபம் யாருக்கோ சுமையும் அவருக்கே என்பது ஃபிக்ஹின் விதி. ஆகவே சேலையை விற்று அதிக இலாபம் காணும் வியாபாரியே அந்தச் செலவில் பெரும்பங்கை ஏற்க வேண்டும் என்பது என் கருத்து. கூலிக்காரர் தலையில் அதைக் கட்டுவது இன்னொரு அநியாயம்.

பள்ளிவாசல் ஒளு நீரில் சாயமுமில்லை, மலமுமில்லை. அதைச் சாக்கடையில் சேர்த்தால் சுத்திகரிக்க வேண்டிய நீர்தான் பெருகும். தென்னைக்குத் திருப்பிவிட ஒரு குழாய் போதும்; அந்தச் செலவுக்கு வசூல்கூட வேண்டியதில்லை.